சிறிய மேசை ஆம்ப்பும் டிஏசியும்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

முதலில் உங்கள் ஹெட்ஃபோன் வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். அதன் பின்புறத்திலோ உள்ளே மடித்து வைத்த தாளிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மின்மறுப்பு, அதாவது ஹெட்ஃபோன் மின்னோட்டத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்பது; ஓம் கணக்கில் குறித்திருப்பார்கள். இன்னொன்று உணர்திறன், அதாவது கொடுக்கும் வலுவுக்கு அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது; டெசிபலில் இருக்கும். பெட்டி கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தைப் பாருங்கள். இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளும் வரை எந்த ஆம்ப்பைப் பற்றியும் படிக்க வேண்டாம். கணினிக்கும் ஹெட்ஃபோனுக்கும் இடையே வைக்கும் மலிவான டிஏசி–ஆம்ப் ஜோடி ஒன்றை எடைபோடும் வேலையில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடுகிறது.

மாடல் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று வகைகளில் விற்பனைக்கு வந்தது. பார்வைக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆம்ப்பிடம் அவை கேட்பது வேறு வேறு.

இரண்டு பெட்டிகளும் செய்வது என்ன

டிஏசி, கணினி அனுப்பும் எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது. ஆம்ப், அந்த மின்னழுத்தத்துக்கு ஹெட்ஃபோனின் சுருளை அசைக்கும் வலுவைக் கொடுக்கிறது. ஒலியளவுக் குமிழ் பெரும்பாலும் ஆம்ப்பில் இருக்கும். கணினிக்குள்ளும் கைபேசிக்குள்ளும் இந்த இரண்டும் ஏற்கெனவே சிறிய வடிவில் இருக்கின்றன. எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, உள்ளே இருப்பவை எந்த இடத்தில் போதாமல் போகின்றன என்பதுதான்.

நல்ல ஆம்ப் என்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 2011-இல் தன் பெயரைச் சொல்லாமல் புனைபெயரில் எழுதிவந்த ஒரு பொறியாளர், ஓ2 என்ற ஆம்ப்பின் சுற்று வரைபடத்தையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார். மலிவான, எளிதில் கிடைக்கும் உதிரிப் பாகங்களாலேயே மிகத் தூய்மையான ஆம்ப்பைக் கட்டலாம் என்பதை எவரும் சரிபார்க்கக்கூடிய எண்களால் காட்டினார். அடுத்த ஆண்டே அதற்குத் துணையாக ஓடாக் என்ற டிஏசியும் வந்தது. இன்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விற்கும் சிறிய ஜோடிகளை அளவிட்டுப் பார்த்துப் பேசும் பழக்கம் வேரூன்றியதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் காட்டிய வழி புதியவர்களுக்கு இன்றும் நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம்.

படி ஒன்று: எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்கிடுங்கள்

இசையின் திடீர் உச்சங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் இருந்தால் போதும். இது நீங்கள் தொடர்ந்து கேட்கும் அளவு அல்ல. மேளத்தின் ஒரு அடி, பியானோவின் ஓங்கிய ஒரு தட்டல் போன்ற நொடிப்பொழுதுகளுக்கான இடம். உணர்திறனிலிருந்து 110-ஐ எட்ட எத்தனை டெசிபல் குறைகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் திறன் இரட்டிப்பாக வேண்டும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்காக வேண்டும். இந்த இரண்டு விதிகள் தெரிந்தால் மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல் என்றிருக்கும் ஹெட்ஃபோனை எடுத்துக்கொள்வோம். சென்ஹைசர் எச்டி 600 இந்த வகை. 110-க்கு 13 டெசிபல் குறைகிறது. 10-க்குப் பத்து மடங்கு, மீதி 3-க்கு இரு மடங்கு: ஒரு மில்லிவாட் 20 மில்லிவாட்டாக வேண்டும். கேட்கச் சிறிய எண்ணாக இருக்கிறது. ஆனால் அந்த 20 மில்லிவாட்டை 300 ஓமுக்குள் செலுத்த ஏறக்குறைய 2.45 வோல்ட் வேண்டும். பல கணினிகளும் கைபேசிகளும் தடுமாறுவது இங்கேதான்: திறன் சிறிதாக இருந்தாலும் மின்னழுத்தம் அங்கே எட்டுவதில்லை.

அடுத்து 32 ஓம், 92 டெசிபல் உள்ள, தட்டையான சவ்வை அசைத்து ஒலி தரும் பிளேனர் வகை ஒன்று. 18 டெசிபல் குறைகிறது. 63 மில்லிவாட் வேண்டும். மின்னழுத்தம் 1.4 வோல்ட்டுக்கு அருகே நின்றுவிடும். மின்னோட்டமோ 44 மில்லிஆம்பியர் வரை போகும். முந்தைய ஹெட்ஃபோனுக்கு 8 மில்லிஆம்பியர் போதுமாக இருந்தது. ஒன்று அழுத்தத்தைக் கேட்கிறது, மற்றொன்று ஓட்டத்தைக் கேட்கிறது. ஓம் எண் குறைவாக இருந்தால் எந்தக் கருவியும் எளிதில் இயக்கிவிடும் என்ற பரவலான நம்பிக்கை இந்த வகை ஹெட்ஃபோன்களிடம் பலிக்காது.

மூன்றாவதாக 38 ஓம், 99 டெசிபல் கொண்ட ஆடியோ டெக்னிகா ஏடிஎச்-எம்50எக்ஸ். கணக்குப் போட்டால் 0.7 வோல்ட் போதும். ஆப்பிள் விற்கும் சிறிய யுஎஸ்பி-சி ஹெட்ஃபோன் இணைப்பியே ஏறக்குறைய 1 வோல்ட் தருகிறது. ஐரோப்பாவில் விற்கப்படும் வடிவம் மட்டும் அதில் பாதி. உங்களிடம் இப்படிப்பட்ட ஹெட்ஃபோன் இருந்து, இரைச்சலும் இல்லை, ஒலியும் போதுமான அளவுக்கு ஏறுகிறது என்றால், மேசை ஆம்ப் வாங்காமல் இருப்பதுதான் சரியான முடிவு. வாங்கத் தூண்டும் எழுத்துகளே எங்கும் நிறைந்திருக்கின்றன. வேண்டாம் என்று சொல்லவும் ஆள் வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்கிறார்கள்; சிலர் ஒரு வோல்ட்டுக்குச் சொல்கிறார்கள். 32 ஓம் ஹெட்ஃபோனில் இந்த இரண்டுக்கும் 15 டெசிபல் வேறுபாடு உண்டு. 300 ஓமில் 5 டெசிபல். ஒரு வோல்ட்டுக்கு 107 டெசிபல் என்று அச்சிட்ட 32 ஓம் ஹெட்ஃபோன், மில்லிவாட் கணக்கில் 92 டெசிபல்தான். அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால் திறன் கணக்கில் முப்பது மடங்கு பிழை வரும்.

இப்போது ஆம்ப்பின் விவரத்தாளுக்கு வாருங்கள். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது 32 ஓமுக்கான வாட் எண்தான். உங்களுடையது 300 ஓம் என்றால் அதற்கான எண்ணைத் தேடுங்கள். கொடுக்காவிட்டால் தோராயமாக நீங்களே கணிக்கலாம்: 32 ஓமில் 1 வாட் என்றால் அது 5.66 வோல்ட், அதே வோல்ட் 300 ஓமில் ஏறக்குறைய 107 மில்லிவாட் தரும். நமக்கு வேண்டியது 20. தாராளமாகப் போதும். இதற்குமேல் வாட் எண் ஏறிக்கொண்டே போவதில் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

படி இரண்டு: வெளியீட்டு மின்மறுப்பு

ஆம்ப்பின் வெளியீட்டிலேயே உள்ள மின்மறுப்பு இது, விவரத்தாளில் ஒரு மூலையில் இருக்கும் எண். பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஹெட்ஃபோனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. காரணம் எளிது. பல ஹெட்ஃபோன்களின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. எச்டி 600 பெயரளவில் 300 ஓம் என்றாலும் கீழ்ச்சுரப் பகுதியில் 500 ஓமைத் தாண்டுகிறது. ஆம்ப்பின் வெளியீட்டு மின்மறுப்பு பெரிதாக இருந்தால் அந்தப் பகுதி மட்டும் சற்று உப்பி ஒலிக்கும்.

காதுக்குள் செருகும் இயர்ஃபோன்களில் இது இன்னும் கடுமை. ஓர் இடத்தில் 8 ஓமும் இன்னோர் இடத்தில் 60 ஓமுமாக ஏறி இறங்கும் இயர்ஃபோனை 10 ஓம் வெளியீடுள்ள ஆம்ப்பில் பொருத்தினால், அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 டெசிபல் சமநிலை மாறிவிடும். அது வேறு இயர்ஃபோன் என்றே தோன்றும். 1 ஓம் வெளியீட்டில் அதே மாற்றம் 1 டெசிபலுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே 1 ஓமுக்குக் குறைவாக இருப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். இன்றைய மலிவான மேசை ஆம்ப்கள் பலவற்றில் அது எளிதாகவே கிடைக்கிறது. பிளேனர் வகை ஹெட்ஃபோன்களின் மின்மறுப்பு ஏறக்குறைய நேர்கோடாக இருப்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை குறைவு.

படி மூன்று: டிஏசிக்கு எவ்வளவு முக்கியத்துவம்

குறைவாகத்தான். குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வடிவம் 96 டெசிபல் வீச்சைத் தருகிறது. மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்ஸ் எல்லையையும் தாண்டிவிடுகிறது. நன்றாக வடிவமைத்த மலிவான டிஏசிகளில் இரைச்சலும் திரிபும் சேர்ந்தே சமிக்ஞைக்கு 100 டெசிபலுக்கும் கீழே இருக்கின்றன. அதாவது ஒரு விழுக்காட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குமேல் 110, 120 என்று போகும் பந்தயம் பொறியியலாகப் பாராட்டத்தக்கது. அதைக் கேட்டு உணர முடியும் என்று நம்பிக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

உள்ளே எந்தச் சிப் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்வை நினைவுபடுத்த விரும்புகிறேன். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபெயோகா நகரில் இருந்த அசாஹி கசெய் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தது. அந்த நிறுவனத்தின் ஏகேஎம் என்ற டிஏசி சிப்கள் கிடைக்காமல் போயின. பல தயாரிப்பாளர்கள் தங்கள் டிஏசிகளை வேறு நிறுவனத்தின் சிப்புகளை வைத்துத் திருத்தி அமைத்தார்கள். அப்படி மாற்றி அமைத்தவற்றிலும் அளவீடுகள் சிறப்பாகவே வந்தன. சிப்பைச் சுற்றியுள்ள சுற்றமைப்பும் மின்வழங்கலும் எப்படி அமைகின்றன என்பதுதான் பெரிது.

டிஏசியில் பார்க்க வேண்டியவை வேறு. ஆர்சிஏ எனப்படும், இடம் வலத்துக்கு ஒவ்வொன்றாக உள்ள வட்டத் துளைகளின் வெளியீடு 2 வோல்ட் அளவில் இருக்கிறதா? ஆம்ப்பின் உள்ளீடு அதை எதிர்பார்த்துத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கும். உங்கள் இயங்குதளத்தில் தனி மென்பொருள் இல்லாமல் வேலை செய்கிறதா? யுஎஸ்பி வழி ஒலிக்கான பொது விதிமுறையான யுஎஸ்பி ஆடியோவின் இரண்டாம் வகுப்பை விண்டோஸ் 2017 முதல் தானாகவே ஏற்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்குத் தயாரிப்பாளரின் டிரைவர் தேவை. ஒளியாகச் சமிக்ஞையை வாங்கும் ஆப்டிகல் உள்ளீடு இருக்கிறதா? இதன் அருமை ஐந்தாம் படியில் தெரியும்.

படி நான்கு: பொருத்துவது

பெட்டியில் வந்த மின்அடாப்டரை அதன் ஆம்ப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சில சிறிய ஆம்ப்களின் அடாப்டர் நேர்மின்னோட்டம் தராது; மாறுமின்னோட்டம் தரும். முனை ஒரே அளவில் இருப்பதால் வேறு கருவியின் அடாப்டரைச் செருகிவிடுவது எளிது; சேதமும் எளிது. இரண்டு அடாப்டர்களிலும் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.

யுஎஸ்பி வடத்தை டிஏசிக்கும், டிஏசியின் ஆர்சிஏ வெளியீட்டிலிருந்து ஆம்ப்பின் உள்ளீட்டுக்கும் இணையுங்கள். நீளம் குறைந்த, உறுதியான சாதாரண வடமே போதும். கணினியின் ஒலி அமைப்பில் டிஏசியைத் தேர்ந்தெடுத்து, 24 பிட் என்று வைத்து, ஒலி மேம்பாடு என்ற பெயரில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். கணினியின் ஒலியளவு முழு அளவில் இருக்கட்டும். கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பின் குமிழில். அதனால்தான் பாட்டைத் தொடங்கும் முன் குமிழைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் கெயின் பொத்தான் இருந்தால் குறைந்த நிலையிலிருந்து தொடங்குங்கள். குமிழ் முக்கால் பங்கு சுழன்றும் ஒலி போதவில்லை என்றால் மட்டும் அடுத்த நிலைக்குப் போங்கள்.

ஆம்ப்பை இயக்கும்போதும் அணைக்கும்போதும் ஹெட்ஃபோன் தலையில் இருக்கக் கூடாது. முதல் முறை இயக்கும்போது, கையில் இருப்பதில் மிகச் சாதாரணமான ஹெட்ஃபோனைச் செருகிப் பாருங்கள். பலமான 'டப்' ஓசை வந்தால் அது ஒரு குறை. நல்ல வடிவமைப்பில் ரிலே என்ற தானியங்கிச் சுவிட்ச் சில நொடிகள் காத்திருந்து, 'கிளிக்' என்று இணைப்பைக் கொடுக்கும்.

படி ஐந்து: பாட்டுக்கு முன் மௌனத்தைக் கேளுங்கள்

புதிய கருவி வந்ததும் பிடித்த பாட்டைப் போட்டுவிடத்தான் மனம் துடிக்கும். ஒரு மணி நேரம் பொறுங்கள். கருவியின் குறைகள் இசை இல்லாதபோதுதான் வெளியே வரும்.

எதையும் ஒலிக்கவிடாமல், வழக்கமாகக் கேட்கும் இடத்தில் குமிழை வைத்துக் காது கொடுங்கள். சீரான 'உஸ்ஸ்' ஓசை வருகிறதா? பெரிய ஹெட்ஃபோனில் வரக் கூடாது. இயர்ஃபோனில் வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஏனென்றால் மிகக் கூர்மையான இயர்ஃபோன்கள் மைக்ரோவோல்ட்டுகளையே ஒலியாக மாற்றிவிடும். 16 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 115 டெசிபல் உள்ள இயர்ஃபோனில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் 33 டெசிபலாக ஒலிக்கும். அமைதியான இரவில் அது தெளிவாகவே கேட்கும். 2 மைக்ரோவோல்ட் என்றால் 19 டெசிபல். அறையின் சொந்த ஓசையில் அது மறைந்துவிடும். இயர்ஃபோன் பயன்படுத்துபவர் விவரத்தாளில் வாட் எண்ணுக்கு முன்பாக இந்த இரைச்சல் எண்ணைத் தேட வேண்டும்.

பிறகு சுட்டியை அசையுங்கள், பெரிய கோப்பு ஒன்றை நகலெடுங்கள், திரையை வேகமாக உருட்டுங்கள். அசைவுக்கு ஏற்ப 'கிர்கிர்' என்ற ஓசை வந்தால், கணினியின் மின்னிரைச்சல் யுஎஸ்பி வடத்தின் தரை இணைப்பு வழியாக உள்ளே வருகிறது என்று பொருள். வேறு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள். கணினியையும் ஆம்ப்பையும் ஒரே மின்பலகையில் இணைத்துப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் ஆப்டிகல் வடத்துக்கு மாறுங்கள். அதில் போவது ஒளி மட்டுமே என்பதால் மின்னிரைச்சல் அதன் வழியே கணினியிலிருந்து தாவி வர முடியாது. என்னுடைய மேசையில் பல வாரம் தொல்லை தந்த ஓசை ஒன்று இந்த மாற்றத்தில் அந்த நிமிடமே நின்றது. அதுவரை நான் ஆம்ப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, இரண்டு பக்கச் சமநிலை. நடுவில் ஒலிக்கும் ஒற்றைக் குரல் பதிவு ஒன்றை மிகக் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டு, குமிழை மெல்ல ஏற்றுங்கள். மலிவான ஆம்ப்களில் இருக்கும் சாதாரணக் குமிழ், தொடக்கப் பகுதியில் இரண்டு பக்கத்துக்கும் சமமாகத் தராது. குரல் ஒரு காதுப் பக்கம் சாய்ந்து, பிறகு நடுவுக்கு வரும். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்துக்கு முன்பே நடுவுக்கு வந்துவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். வராவிட்டால் கெயினைக் குறையுங்கள். குமிழை மேலே ஏற்றிப் பயன்படுத்த முடியும். சாய்வு எல்லா அளவிலும் இருந்தால் ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் குறை கருவியிலோ ஹெட்ஃபோனிலோ பதிவிலோ இருக்கிறது. அதே காதில் நின்றால் காரணம் காதுதான். மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

படி ஆறு: ஒலியளவைச் சமமாக்கிய பிறகே ஒப்பிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஒலிகளில் ஒன்று சற்றே உரக்க இருந்தால், உரக்க இருப்பதைக் காது 'உரக்க' என்று சொல்லாது. 'தெளிவாக இருக்கிறது', 'விரிவாக இருக்கிறது', 'கீழ்ச்சுரம் நிறைவாக இருக்கிறது' என்றெல்லாம் சொல்லும். ஒலியளவு மாறும்போது கீழ்ச்சுரங்களை நாம் உணரும் விகிதம் மாறுகிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டினார்கள். புதிய ஆம்ப்பைப் பற்றி நாம் படிக்கும் வியப்புகளில் கணிசமானவை இந்த ஒரு காரணத்தால் பிறந்தவை என்று நினைக்கிறேன். எனக்கும் அது நேர்ந்தது. ஓர் ஆம்ப்பில் பாடகியின் மூச்சுக்கூடத் துல்லியமாகக் கேட்கிறது என்று மகிழ்ந்து, பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது அது பழையதைவிட 1.5 டெசிபல் கூடுதலாக இருந்தது. சமமாக்கியதும் அந்த மூச்சு இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டது.

செய்முறை இது. 100 ஹெர்ட்ஸ் சைன் அலைக் கோப்பு ஒன்றை ஒலிக்கவிடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம்; சாதாரண மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸ் வரைதான் மாறுமின்னழுத்தத்தைச் சரியாக அளக்கும். ஹெட்ஃபோன் வெளியீட்டில் இரட்டைப் பிரிப்பான் ஒன்றைச் செருகி, ஒரு கிளையில் ஹெட்ஃபோனையும் இன்னொரு கிளையில் அளவுமுனைகளையும் வையுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனம் தேவை. ஹெட்ஃபோன் இணைந்திருக்கும்போது அளப்பதுதான் முக்கியம். இல்லையென்றால் வெளியீட்டு மின்மறுப்பின் பாதிப்பு கணக்கில் வராது. முதல் ஆம்ப்பில் 0.300 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் 0.297-க்கும் 0.303-க்கும் இடையே கொண்டுவாருங்கள். 0.1 டெசிபல் என்பது 1.2 விழுக்காடுதான், மெல்லக் குமிழைத் திருப்பினால் முடியும். முடித்ததும் குமிழ்களைத் தொடாதீர்கள்.

பிறகு பார்க்காமல் கேளுங்கள். நண்பர் ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால், நாணயத்தைச் சுண்டி, எந்த ஆம்ப் என்று முடிவு செய்து இணைக்கட்டும். பதினாறு முறை செய்யுங்கள். பன்னிரண்டு முறையாவது சரியாகச் சொன்னால் நீங்கள் உண்மையிலேயே வேறுபாட்டைக் கேட்கிறீர்கள். வெறும் ஊகத்தால் அது நடக்க நூற்றில் நான்கு வாய்ப்புகூட இல்லை. எட்டு, ஒன்பது என்று நின்றால், அந்தப் பாட்டில், அந்த ஹெட்ஃபோனில், அந்த இரண்டுக்கும் இடையே உங்கள் காதுக்கு வேறுபாடு இல்லை. அதில் வருந்த எதுவும் இல்லை. பணம் மிச்சமாகிறது.

ஒரே நேரத்தில் டிஏசியையும் ஆம்ப்பையும் மாற்றி ஒப்பிடுவது வீண். ஒன்றை அப்படியே வைத்து, மற்றொன்றை மட்டும் மாற்றுங்கள். கேட்கத் தேர்ந்தெடுக்கும் பதிவுகள் உங்களுக்கு மனப்பாடமானவையாக இருக்கட்டும். வீணையின் தந்தி மீட்டப்படும் முதல் கணம், மிருதங்கத்தின் தொப்பி ஒலி அடங்கும் விதம், கூட்டத்தின் கைத்தட்டல் ஆகியவை பெரிய வாத்தியக் குழுவைவிட வேகமாக உண்மையைச் சொல்லும். சோதனைக்காகச் சத்தத்தை ஏற்றாதீர்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை; அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது.

படி ஏழு: வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா

திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு வாரமாவது தினமும் பயன்படுத்துங்கள். ஆம்ப் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு கூடாது. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு, துளையில் பிளக் தளர்ந்து ஆடுவது, கணினி உறக்கத்திலிருந்து எழும்போது டிஏசி காணாமல் போவது ஆகியவை தினசரி எரிச்சலாக மாறக்கூடியவை. கேட்கும் அளவில் போகாத இரைச்சல், இயக்கும்போது பலமான அதிர்ச்சி ஓசை, நடுவுக்கு வராத சாய்வு ஆகியவற்றில் எது இருந்தாலும் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இவை எதுவும் இல்லை, பழைய கருவியோடு ஒப்பிட்டதில் வேறுபாடும் தெரியவில்லை என்றால், ஒரு கேள்விதான் மிச்சம்: பழையதில் ஒலி போதாமல் இருந்ததா, இரைச்சல் இருந்ததா? ஆம் என்றால் புதிய ஜோடி தன் வேலையைச் செய்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் திருப்பிவிட்டு, உங்கள் ஹெட்ஃபோனின் தேய்ந்துபோன காதுமெத்தையை மாற்றிப் பாருங்கள். பார்க்காமல் கேட்டாலும் அந்த மாற்றம் பல ஹெட்ஃபோன்களில் தெரியும்.